ஆத்துமா கிரயப் பத்திரம்

2024 மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், டொனால்ட் டிரம்ப் ஒரு வீடியோவில் தோன்றி பைபிள் விற்றார். விலை 59 டாலர் 99 சென்ட். வாங்கிப் பிரித்தால் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, அதோடு அமெரிக்க அரசியல் சாசனம், சுதந்திரப் பிரகடனம், கொடிக்கான உறுதிமொழி, லீ கிரீன்வுட் என்ற பாடகரின் கையெழுத்திலேயே அவருடைய தேசபக்திப் பாட்டின் பல்லவி. இந்தப் புத்தகத்தோடு எவனும் எதையும் கூட்டக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் வெளிப்படுத்தின விசேஷம் முடிகிறது. எச்சரிக்கை முடிந்த கையோடு பின்னிணைப்பு தொடங்குகிறது. அந்தப் பைபிள்கள் சீனாவின் ஹாங்சோ நகரில் அச்சாகிக் கப்பலேறியவை, பிரதிக்கு மூன்று டாலர்கூட அடக்கமில்லை என்று ஏபி செய்தி நிறுவனம் சுங்க ஆவணங்களைத் தோண்டிச் சொன்னது. சீனச் சரக்குக்கு வரி போடுவேன் என்று மேடைக்கு மேடை முழங்கியவரின் வேதாகமமே சீனச் சரக்கு.

இதை வைத்துச் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் வியாபாரி. ஸ்டேக் விற்றார், டை விற்றார், 399 டாலருக்குத் தங்க நிற ஷூ விற்றார், வேதத்தையும் விற்றார். ஆனால் அவர் விற்றது காகிதம். அவரிடம் விற்கப்பட்டது வேறு. விற்றவர்கள், அரை நூற்றாண்டாக அமெரிக்க ஒழுக்கத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்த எவாஞ்சலிக்கல் எனப்படும் சுவிசேஷ சபைகளின் பாஸ்டர்கள். நம்மூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்தக் கிரயத்துக்கும் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்பார்கள். இந்தக் கிரயத்துக்கும் கேட்டுப் பார்ப்போம்.

பாஸ்டர்கள் காட்டும் தாய்ப்பத்திரத்தில் தேதி 1973. கருக்கலைப்பை உரிமையாக்கிய ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு வந்த வருடம். அதைக் கேட்டு நெஞ்சு பதறித்தான், அதுவரை ஜெபம் உண்டு தாம் உண்டு என்று இருந்த சபைகள் அரசியலில் இறங்கினவாம். உருக்கமான கதை. முத்திரைத்தாள்தான் போலி. 1971இல் செயின்ட் லூயிஸில் கூடிய தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, பலாத்காரம், சிசுவுக்குக் கடும் ஊனம், தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1973இல் தீர்ப்பு வந்தபோது அதே மாநாட்டின் முன்னாள் தலைவர், டல்லாஸ் முதல் பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர் கிரிஸ்வெல், அதை வரவேற்றார். யாருக்கும் நெஞ்சு பதறியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் எதற்குப் பதறினார்கள்? வரிக்கு. பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று ‘கிறிஸ்தவ அகாடமி’கள் முளைத்தன. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் ஊரில் பாஸ்டர் ஜெர்ரி ஃபால்வெல் 1967இல் தொடங்கிய பள்ளியை, வெள்ளை மாணவர்களுக்கான தனியார் பள்ளி என்றே அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியது. 1970களில் வரித்துறை வாய் திறந்தது: இனம் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் விலக்கை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 1983இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் காதலிக்கக் கூடாது என்ற விதி 2000 வரை உயிரோடு இருந்தது. இந்த வரிச் சண்டைதான் பாஸ்டர்களைத் திரட்டியது என்று, இயக்கத்தைக் கட்டிய பால் வேயரிக்கே சொல்லியிருக்கிறார். வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர் அதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் வரிவிலக்குக்குக் கொடி பிடித்தால் கூட்டம் சேருமா? பிறக்காத சிசு வசதியானது. வாய் திறக்காது, கூலி கேட்காது, பள்ளியில் இடம் கேட்காது. கொடியில் சிசு ஏறியது. 1979இல் ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ தொடங்கினார்.

முதல் போணி 1980. ஒரு பக்கம் ஜிம்மி கார்ட்டர்: தெற்கு பாப்டிஸ்ட், தான் மறுபடியும் பிறந்தவன் என்று வாய்விட்டுச் சாட்சி சொன்னவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், ஆயுசுக்கும் ஒரே மனைவி. மறுபக்கம் ரொனால்ட் ரீகன்: ஹாலிவுட் நடிகர், விவாகரத்தானவர், கலிஃபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். மறுபடியும் பிறந்தவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த ஆகஸ்டில் டல்லாஸ் அரங்கில் ஆயிரக்கணக்கான பாஸ்டர்கள் முன் நின்ற ரீகன், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். அரங்கம் எழுந்து நின்றது. அன்று கைமாறிய முன்பணம் அந்த ஒரு வாக்கியம்தான்.

இனி சொத்து விவரம். 2006இல் அமெரிக்க மக்களில் 23 சதவீதமாக இருந்த வெள்ளை எவாஞ்சலிக்கல்கள் இன்று சுமார் 13 சதவீதம். ஆனால் வாக்குச்சாவடி வாசலில் எண்ணினால் ஐந்தில் ஒருவருக்கும் மேல் அவர்கள். மக்கள்தொகையில் தேய்பிறை, ஓட்டில் பௌர்ணமி. ரகசியம் ஒன்றுமில்லை. வாரம் தவறாமல் ஒரே கூரையின்கீழ் கூடும் கூட்டம், முகவரிப் பட்டியலோடு. எந்தக் கட்சிக்கு இப்படி ஒரு கிளைக் கழகம் வாய்க்கும்?

1954இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த சட்டத்திருத்தப்படி, வரிவிலக்கு பெறும் சபை வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். தொலைக்காட்சிப் பிரசங்கி பாட் ராபர்ட்சன் 1989இல் தொடங்கி ரால்ஃப் ரீட் நடத்திய ‘கிறிஸ்டியன் கோயலிஷன்’ கோடிக்கணக்கில் அச்சடித்த வாக்காளர் கையேட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனைத் தாளுக்குள் செருகியிருக்கும். இல்லையென்றால் வாகன நிறுத்தத்தில் கார் வைப்பருக்கு அடியில் சொருகியிருக்கும். இரண்டு வேட்பாளர்களின் படம். நடுவில் கருக்கலைப்பு, ஓரினச்சேர்க்கையாளர் உரிமை, பள்ளியில் ஜெபம் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேரே ‘ஆதரிக்கிறார்’, ‘எதிர்க்கிறார்’. அதே வரிசையில், சத்தமில்லாமல், வருமான வரி உயர்வும் சமநிலை பட்ஜெட்டும். அடியில் பொடி எழுத்தில், இது யாரையும் ஆதரிக்கும் வெளியீடு அல்ல. வரியைப் பற்றி இயேசுவிடம் ஒருமுறை கேட்டார்கள்தான். அவர் நாணயத்தில் இருந்த முகத்தைக் காட்டி, இராயனுடையதை இராயனிடமே கொடுத்துவிடச் சொன்னார். கையேட்டின் கணக்கில் அவர் ‘எதிர்க்கிறார்’ பக்கம்கூட வர மாட்டார். வரியை ‘ஆதரிக்கிறார்’ என்று அச்சடிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கூட்டத்தின் வாசல்காப்பு அயோவா. குடியரசுக் கட்சியின் முதல் தேர்வு அங்கேதான். தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி 2023 முழுக்க அந்த மாநிலத்தின் சந்து பொந்தெல்லாம் சுற்றினார். அவர் ஒப்பித்த பத்து உண்மைகளில் முதலாவதே கடவுள் உண்டு என்பது. எந்தக் கடவுள் என்று அயோவா கேட்டது. இந்து எப்படி எங்கள் அதிபராக முடியும் என்று நேருக்கு நேர் கேட்டார்கள். உங்கள் விழுமியங்கள்தான் என் விழுமியங்களும் என்று சலிக்காமல் பதில் சொன்னார். எட்டு சதவீதம்கூடத் தேறாமல் நாலாவதாக வந்து, அன்றிரவே விலகி, டிரம்புக்கு மாலை போட்டார்.

இதே அமெரிக்காவில் இதே பைபிளை, சொல்லப்போனால் இன்னும் உருகிப் படிக்கிற கறுப்பர் சபைகள் இருக்கின்றன. அதே இயேசு, அதே ஞானஸ்நானம். அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். வேதம்தான் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்றால் ஒரே வேதம் தோலைப் பார்த்து ஏன் இரண்டு பேச்சு பேசுகிறது? அடிமைகளை வைத்திருக்கும் உரிமைக்காக 1845இல் வடக்கத்தியச் சகோதரர்களை உதறிவிட்டுப் பிறந்ததுதான் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு. அதற்கு மன்னிப்புக் கேட்க 150 வருடம், 1995 வரை, ஆனது. தாய்ப்பத்திரத்துக்கும் ஒரு தாய்ப்பத்திரம் உண்டு.

1998இல் அதிபர் கிளின்டன் வெள்ளை மாளிகையில் ஒரு பெண்ணோடு வைத்த உறவு அம்பலமானபோது இதே மாநாடு தீர்மானம் போட்டது: தலைவர்களின் பெரும் பிழையைப் பொறுத்துக்கொண்டால் தேசத்தின் மனச்சாட்சி மரத்துப்போகும், தேவனுடைய நியாயத்தீர்ப்பு வரும். எனக்கு அதில் ஓர் எழுத்தில்கூட மாற்றுக் கருத்து இல்லை. பதினெட்டு வருடம் கழித்து, பெண்களை எங்கே கை வைத்துப் பிடிப்பேன் என்று டிரம்ப் பெருமையடித்த ஒலிப்பதிவு வெளியானது. ஒரு மாதத்தில் தேர்தல். வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் 81 சதவீதம் பேர் அவருக்கே போட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் கெட்டவர் பொது வாழ்க்கையில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டபோது முடியும் என்ற வெள்ளை எவாஞ்சலிக்கல்கள் 30 சதவீதம். 2016இல் அதே கேள்விக்கு 72 சதவீதம். ஐந்தே வருடத்தில் ஒரு கட்டளையையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் காத்திருந்தது வீண்.

மனது உறுத்தியவர்களுக்குக் களிம்பும் தயாராக இருந்தது. ‘ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில்’ தலைவர் டோனி பெர்கின்ஸ், கோல்ஃபில் முதல் அடி தப்பினால் கணக்கில் எழுதாமல் இன்னோர் அடி கொடுப்பார்களே, அந்தச் சலுகையைக் கொடுத்திருக்கிறோம் என்றார். டல்லாஸ் பாஸ்டர் ராபர்ட் ஜெஃப்ரஸ், தனக்கு வேண்டியது மலைப்பிரசங்கத்தைக் கடைப்பிடிக்கும் தலைவர் இல்லை, இருப்பதிலேயே கொடூரமான முரடன்தான் என்ற பொருளில் பேசினார். பிரசங்கி லான்ஸ் வால்னோ இன்னும் ஒரு படி மேலே போய், ஏசாயா 45ஆம் அதிகாரத்தில் தேவன் கருவியாக்கிய புறஜாதி ராஜா கோரேஸ்தான் 45ஆவது அதிபரான டிரம்ப் என்று எண்கணிதம் போட்டார். 46ஆவதாக பைடன் வந்தபோது யாரும் 46ஆம் அதிகாரத்தைப் புரட்டவில்லை. 47ஆவதாக டிரம்பே திரும்பி வந்தபோதும் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால், என்னைத் தவிர வேறொருவருமில்லை என்று செருக்கித் திரிந்த பாபிலோன் மண்ணில் உட்காருவதைத்தான் வாசித்திருக்க வேண்டும்.

கிரயத் தொகை சும்மா சொல்லக் கூடாது, கணிசம். மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள். 2022 ஜூன் 24 அன்று ‘ரோ’ தீர்ப்பு சவக்குழிக்குப் போனது. 2018இல் எருசலேமுக்கு அமெரிக்கத் தூதரகம். திறப்பு விழாவில் முதல் ஜெபம் ஜெஃப்ரஸ், நிறைவு ஜெபம் பாஸ்டர் ஜான் ஹேகி. மேடையில் ஆமென் ஒலித்த அதே நாளில் காஸா எல்லையில் அறுபது பாலஸ்தீனர்கள் அளவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எருசலேம் முடிவு எவாஞ்சலிக்கல்களுக்காகச் செய்தது என்று 2020இல் விஸ்கான்சின் கூட்டத்தில் டிரம்ப் தாமே ரசீது வாசித்தார். 2025இல் வெள்ளை மாளிகைக்குள் ‘விசுவாச அலுவலகம்’. அதன் தலைமையில், காணிக்கை கொடுத்தால் ஆசீர்வாதம் கொட்டும் என்று போதிக்கும் பவுலா வைட். அந்த ஜூலையில், சொந்தச் சபையாருக்கு மேடையிலிருந்து இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்வதால் வரிவிலக்கு போகாது என்று வரித்துறையே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்காமலே வரிவிலக்கு வேண்டும் என்று தொடங்கிய வம்சம், கட்சி வேலை பார்த்துக்கொண்டே வரிவிலக்கு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐம்பது வருடத்தில் நல்ல வளர்ச்சி.

வில்லங்கம் இனிதான். டிரம்பிடம் பிடித்த வசனம் எது என்று கேட்டார்கள். முதலில் அது அந்தரங்கம் என்றார். 2016இல் ஒரு வானொலியில் வாய் திறந்தபோது சொன்னது, கண்ணுக்குக் கண். மலைப்பிரசங்கத்தில் இயேசு பெயர் சொல்லி எடுத்து, வேண்டாம் என்று தள்ளிய சட்டம் அது. ஆயிரம் பக்கத்தில் கை வைத்து, தள்ளுபடியான வரியைத் துல்லியமாகப் பிடிக்கவும் ஒரு வரம் வேண்டும். சபைகளின் நிலை? அப்போது ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழின் ஆசிரியராக இருந்த ரஸ்ஸல் மூர் 2023இல் சொன்னது: பல பாஸ்டர்கள் மறுகன்னத்தைக் காட்டுவது பற்றிப் பிரசங்கித்துவிட்டு இறங்கினால், இந்த இடதுசாரிச் சரக்கை எங்கே பிடித்தீர்கள் என்று சபையார் கேட்கிறார்களாம். ஐயா, இது இயேசுவின் வார்த்தை என்றால் மன்னிப்பும் கேட்பதில்லை. அதெல்லாம் இந்தக் காலத்துக்கு உதவாது, பலவீனம் என்கிறார்களாம். இனி வேறு சாட்சி எதற்கு? அடமானத்தில் மூழ்கியது மலைப்பிரசங்கமேதான்.

2025 ஜனவரி 21, வாஷிங்டன் பேராலயம். முந்தின நாள் பதவியேற்ற அதிபர் முன்வரிசையில். பேராயர் மரியன் பட்டி பிரசங்க மேடையிலிருந்து, பயந்து கிடக்கும் குடியேறிகள் மீதும் ஓரினச்சேர்க்கைப் பிள்ளைகள் மீதும் இரக்கம் காட்டுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இரக்கம்! ஒரு பேராயர், ஒரு தேவாலயத்தில், இரக்கம் கேட்டுவிட்டார். மன்னிப்புக் கேள் என்று அதிபர் எழுதினார். அதே வாரம், தேவாலயத்துக்குள் புகுந்து குடியேறிகளைக் கைது செய்யாமல் தடுத்திருந்த பழைய வழிகாட்டுதல் ரத்தானது. அந்நியனை ஏற்றுக்கொண்டீர்களா என்ற கேள்வியை வைத்தே ஆடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதாக இவர்களுடைய மத்தேயு சொல்கிறார். எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்பதில் இவர்களுக்குச் சந்தேகமே இல்லை, எல்லையின் டெக்சாஸ் பக்கம்.

சிசுவுக்காகத்தான் எல்லாம் என்றார்களே, அதையும் பார்த்துவிடுவோம். 2003இல் ஜார்ஜ் புஷ் தொடங்கிய பெப்ஃபார் திட்டம், ஆப்பிரிக்காவில் எச்ஐவியோடு பிறக்க வேண்டிய குழந்தைகளைத் தொற்றில்லாமல் பிறக்க வைத்தது. இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்ததாக அமெரிக்க அரசே கணக்குச் சொன்னது. எவாஞ்சலிக்கல்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடிய உண்மையான புண்ணியம் அது ஒன்று. அவர்களே கேட்டு வாங்கியது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தியபோது மருந்து கொடுத்த கிளினிக்குகள் கதவடைத்தன. சில நல்லவர்கள் கடிதம் எழுதினார்கள். ஒரு மெகா சபையாவது, மருந்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்று மிரட்டியதா? கர்ப்பிணியின் வயிற்றுக்குள் இருக்கும்வரை உயிர் புனிதம். அந்த வயிறு மலாவியில் இருந்தால் அதுவும் இல்லை. வீட்டுக்குள்ளே என்ன லட்சணம் என்பதற்கு 2022இல் வெளியான விசாரணை அறிக்கை இருக்கிறது: பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான 700க்கும் மேற்பட்டோர் பட்டியலைத் தெற்கு பாப்டிஸ்ட் தலைமை அலுவலகம் வருடக்கணக்கில் ரகசியமாக வைத்திருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று தெருவில் கூவிக்கொண்டே, பெட்டிக்குள் பட்டியல். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம்மூரில் சொன்னதை இவர்கள் மொழி தெரியாமலே கடைப்பிடிக்கிறார்கள்.

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே தூக்குமரம் நட்டு, ‘இயேசு இரட்சிக்கிறார்’ பதாகை பிடித்து, துணை அதிபர் மைக் பென்ஸைத் தூக்கில் போடு என்று டிரம்ப் ஆதரவாளர்கள் கத்தினார்கள். பென்ஸ் யார்? அவர்களுடைய ஆள். கட்சியிலேயே அசல் எவாஞ்சலிக்கல். உள்ளே செனட் மண்டபத்தில் அவர் விட்டு ஓடிய மேடையைச் சுற்றி நின்று கலகக்காரர்கள் ஜெபம் செய்தார்கள். முகத்தில் சாயம் பூசிய ஒருவன், கொம்பு வைத்த தொப்பியைப் பயபக்தியோடு கழற்றிவிட்டு, இந்த வாய்ப்பைத் தந்த பரம பிதாவுக்கு ஒலிபெருக்கியில் நன்றி சொல்லி, கிறிஸ்துவின் நாமத்தில் முடித்தான். மற்றவர்கள் ஆமென் என்றார்கள். நாலு வருடத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பாவமன்னிப்பு கிடைத்தது, அதிபரிடமிருந்து.

ஏமாந்துவிட்டார்கள் என்று யாராவது இவர்களுக்காக உச்சுக் கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏமாறுவதற்கு விஷயம் மறைந்திருக்க வேண்டும். 2023இல் ஒரு நடுவர் குழு டிரம்பைப் பாலியல் அத்துமீறலுக்குப் பொறுப்பாளி என்றது. 2024 மே மாதம் இன்னொன்று 34 குற்றங்களிலும் குற்றவாளி என்றது. ஜூலையில் நாற்பது வருடமாகக் கட்சி அறிக்கையில் இருந்த நாடு தழுவிய கருக்கலைப்புத் தடையை அவர் ஆட்கள் அடித்துத் தூக்கினார்கள். எந்தச் சிசுவைக் காட்டி இத்தனையும் விற்றார்களோ, அந்தச் சிசுவே பட்டியலில் இல்லை. அதே ஜூலை 26, வெஸ்ட் பாம் பீச்சில் விசுவாசிகளுக்கென்றே கூட்டிய மாநாட்டில் அவர் சொன்னார்: கிறிஸ்தவர்களே, இந்த ஒரு தடவை மட்டும் வந்து போட்டுவிடுங்கள், நாலு வருடத்தில் எல்லாம் சரிசெய்துவிடுவேன், அப்புறம் நீங்கள் ஓட்டே போட வேண்டியிருக்காது. இனி உன் கையெழுத்தே எனக்குத் தேவைப்படாது என்று வாங்குகிறவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். விற்கிறவர்கள் கை தட்டினார்கள். நவம்பரில் பத்துக்கு எட்டுப் பேர் போய், விவரம் தெரிந்து, சுயபுத்தியோடு, யாருடைய வற்புறுத்தலுமின்றி, குத்திவிட்டு வந்தார்கள்.